பௌபஜார் தெருவின் படிகங்கள்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்து நாட்டு மருந்துக் கடைகளில் படிகாரம் கிடைக்கும். மளிகைக் கடைகளில் கற்கண்டும், துணி அலமாரியில் போடும் அந்துருண்டையும் கிடைக்கும். இடைநிலைப்பள்ளி அறிவியல் கூடத்தில் நீல நிற மயில்துத்தம் ஒரு புட்டியாவது இருக்கும். நான்குமே படிகப் பொருள்கள். இவற்றில் இரண்டை, மயில்துத்தத்தையும் பழைய வகை அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீனையும், 1930-களில் ஒரு தமிழர் ஒற்றைப் படிகங்களாக எடுத்து, மெல்லிய இழையில் கட்டிக் காந்தப் புலத்துக்குள் தொங்கவிட்டார். அவை எந்தப் பக்கம் திரும்புகின்றன, எவ்வளவு வலுவாகத் திரும்புகின்றன என்று அளந்தார். அந்த அளவுகள் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏடுகளில் வெளிவந்தன. துறை வல்லுநர்கள் இன்றும் அவற்றை எடுத்தாளுகிறார்கள்.

அவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். தமிழரும் அறிவியலும் என்று விழா மலர்களில் எழுதப் புகுந்தால் சர் சி. வி. ராமனின் நோபல் பரிசில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுவது நம் வழக்கம். 1928 பிப்ரவரியில் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது ராமனின் பக்கத்தில் நின்று சோதனை செய்தவர் கிருஷ்ணன் என்பதைப் பலரும் அறிவார்கள். அதற்குப் பின் வந்த 14 ஆண்டுகளில் அவர் உருவாக்கிய படிகக் காந்தவியல் ஆய்வைப் பற்றி நம்மவர்கள் பேசக் கேட்பது அரிது. என் கணிப்பில் அவருடைய வாழ்நாளின் பெரும்பணி அதுதான். இந்த மலருக்கு ஒரு நிறுவன வரலாறு வேண்டும் என்றார்கள். அந்த ஆய்வு நடந்த கூடத்தின் வரலாற்றையே எழுதுகிறேன்.

கல்கத்தாவின் பௌபஜார் தெரு, கதவு எண் 210. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் ஊர்ப் பெரியவர்களிடம் நன்கொடை திரட்டி 1876 ஜூலை 29 அன்று அங்கே இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அடிமை நாட்டில் இந்தியர் பணத்தில், இந்தியர் நடத்தும் அறிவியல் நிலையமாக அது இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். 1904-இல் அவர் இறக்கும்வரை அங்கே பெரும்பாலும் சொற்பொழிவுகளே நடந்தன. ஆய்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. 1907-இல் கல்கத்தாவுக்கு நிதித்துறை அதிகாரியாகப் பணியேற்று வந்த ராமன் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே போனதும், அலுவலக நேரம் போக மிஞ்சிய நேரமெல்லாம் அங்கேயே கிடந்து சோதனைகள் செய்ததும் பலமுறை சொல்லப்பட்ட கதை. நமக்கு வேண்டியது அதன் தொடர்ச்சி.

கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தார். திருவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். பிற்காலத்தில் அது பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்திருந்தது. மஸ்ஜித் இந்தியாவில் கடை வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகமும் அதே இராமநாதபுரம் மாவட்டம் என்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் அவர் படித்தார். கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை ஆசிரியராக இருந்தபோது, மதிய உணவு இடைவேளையில் மாணவர்கள் எந்தக் கேள்வியோடும் வரலாம் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். மற்றக் கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு கல்கத்தா போய் 1923-இல் ராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

படிகங்களின்மேல் அவருக்குப் பிடிப்பு வந்த வழி தெளிவானது. ராமனும் அவரும் 1920-களில் திரவங்களை ஆராய்ந்தார்கள். திரவத்தை வலுவான காந்தப் புலத்தில் வைத்தால் அதற்குள் செல்லும் ஒளி இரு வேகங்களாகப் பிரிகிறது. மூலக்கூறுகளின் காந்தப் பண்பு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். ஒரு திசையில் அது எவ்வளவு, இன்னொரு திசையில் எவ்வளவு என்பதைத் திரவத்திலிருந்து நேராகப் பிரித்தெடுக்க முடியாது. கோடானுகோடி மூலக்கூறுகள் அங்கே தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒன்றின் சாய்வை மற்றொன்று மறைத்துவிடுகிறது. தூளாக அரைத்த உப்பிலும் இதே தொல்லைதான். ஒற்றைப் படிகத்தில் அப்படி இல்லை. முதல் மூலக்கூறு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறதோ அதே முறை கடைசி விளிம்புவரை மாறாமல் தொடர்கிறது. ஆகவே மூலக்கூறின் சாய்வு முழுப் படிகத்தின் சாய்வாகக் கூடி, கையால் அளக்கும் அளவுக்குப் பெரிதாகிறது.

1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ரீடராகச் சேர்ந்தார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அப்போது வயது ஏழு. இயற்பியல் துறைத் தலைவர் சத்தியேந்திரநாத் போஸ். படிகக் காந்தவியல் ஆய்வு உருப்பெற்றது இங்கேதான். உடன் உழைத்தவர்கள் பி. சி. குஹா, எஸ். பானர்ஜி போன்ற வங்க இளைஞர்கள். எடுத்துக்கொண்ட பொருள்களோ நாஃப்தலீன், ஆந்த்ரசீன் முதலிய கரிமச் சேர்மங்களும், தாமிரம், நிக்கல், கோபால்ட் கலந்த சல்பேட் உப்புகளும். வேதியியல் கூடத்தில் எளிதாகக் கிடைப்பவை. விலை உயர்ந்த எதுவும் இல்லை. உழைப்பெல்லாம் அவற்றைக் குறையில்லாத படிகமாக எடுப்பதில் இருந்தது.

படிகம் வளர்ப்பதைச் சமையலறை வேலைபோல் நினைப்பவர்கள் உண்டு. ஒருமுறை செய்து பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். உப்பை நீரில் இனிக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்து, வடிகட்டி, தூசி விழாமல் மூடி, நீர் மெல்ல ஆவியாக விட வேண்டும். கரைசல் தன் தாங்குதிறனைச் சற்றே தாண்டும்போது எங்கோ ஒரு சிறு விதை தோன்றும். அதை எடுத்துக் குறை பார்த்து, நல்லதாக இருந்தால் புதிய கரைசலில் தொங்கவிட வேண்டும். வெப்பநிலை இரண்டு பாகை இறங்கினாலும் போதும், பல இடங்களில் ஒரே சமயத்தில் விதைகள் தோன்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏறினால் வளர்ந்தது கரைந்துவிடும். அவசரப்பட்டால் படிகத்துக்குள் கரைசல் துளிகள் சிக்கிக்கொள்ளும். வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் கட்டி, உள்ளே இரண்டு மூன்று படிகங்கள் வெவ்வேறு கோணத்தில் பிணைந்ததாக இருக்கலாம். அதைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு எடுக்கும் எண் எதற்கும் உதவாது. அதனால்தான் படிகம் வளர்ப்பவரும் காந்தப் பண்பை அளப்பவரும் ஒரே ஆளாகவோ ஒரே அறைக்காரர்களாகவோ இருக்க வேண்டியிருந்தது.

அளந்த முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கிருஷ்ணனின் கைத்திறன் முழுதும் அதில் இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையின் நுனியில் சிறு படிகம் தொங்குகிறது. இழையின் மேல்முனை, பாகை குறித்த ஒரு சுழல்தலையோடு சேர்ந்திருக்கிறது. சீரான காந்தப் புலத்தில் படிகம் தனக்கு உகந்த அச்சைப் புலத்தின் திசையில் வைத்துக்கொண்டு நிற்கும். இப்போது மேலே உள்ள தலையை மெல்லத் திருப்பினால் இழை முறுக்கேறும். படிகம் சற்றுத்தான் அசைந்து கொடுக்கும். காந்தப் புலம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. முறுக்கு ஏற ஏறப் படிகம் தன் நிலையிலிருந்து விலகிக்கொண்டே போகும். விலகல் 45 பாகையை எட்டும்போது புலத்தின் பிடி உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டிய கணத்தில் பிடி தளர, படிகம் சட்டென்று புரண்டுவிடும். அந்தக் கணத்தில் சுழல்தலை காட்டும் கோணத்தைக் குறித்துக்கொண்டால் போதும். இரு திசைகளுக்கும் இடையே உள்ள காந்த ஏற்புத்திறன் வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம்.

இதன் அழகு என்னவென்றால், படிகம் நிற்கும் கோணத்தை உருப்பெருக்கி வைத்து நுட்பமாகப் பார்க்க வேண்டியதில்லை. புரளும் கணம் கண்ணுக்கே தெரியும். முறுக்குக் கோணம் பல முழுச்சுற்றுகள் வரை போகலாம் என்பதால் பிழையின் விகிதமும் சிறுத்துவிடுகிறது. மிகச் சிறிய படிகமே போதும். பெரிய காந்தமும் பெரும் பணமும் இல்லாத கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறையை யாராலும் வகுத்திருக்க முடியாது என்பேன். வேறுபாடு தெரிந்த பிறகு, ஒரு திசையின் தனி அளவு வேண்டும். அதற்குப் படிகத்தைக் காந்த உப்புக் கரைசலில் மூழ்கவைத்து, கரைசலின் செறிவை மாற்றிக்கொண்டே போவார்கள். புலத்தால் இழுக்கவும் படாமல் தள்ளவும் படாமல் படிகம் நிற்கும் செறிவில் இரண்டின் ஏற்புத்திறனும் சமம். அமெரிக்காவில் ராபி 1927-இல் கையாண்ட இந்த வழியை டாக்காக் குழு தனக்கேற்பப் பக்குவப்படுத்திக்கொண்டது.

1933-இல் ராயல் சொசைட்டியின் தத்துவ ஏட்டில் இந்த ஆய்வு வரிசையின் முதல் பகுதி வந்தது. அதே ஆண்டு ராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் போனார். கல்கத்தாக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பெயரில் அமைந்த பேராசிரியர் பதவிக்குக் கிருஷ்ணன் அழைக்கப்பட்டார். இழையும் சுழல்தலையும் பௌபஜாருக்கு வந்தன. ராமன் போன பிறகு அந்தக் கழகம் பொலிவிழந்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அடுத்த ஒன்பது ஆண்டுகளின் வெளியீடுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும் எவரும் அதை ஏற்கமாட்டார்கள்.

நாஃப்தலீன் மூலக்கூறு தட்டையானது. இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டியது. இத்தகைய வளையத்தின் டயா காந்தப் பண்பு, அதாவது காந்தப் புலத்தால் தள்ளப்படும் இயல்பு, வளையத் தளத்துக்குச் செங்குத்தான திசையில் மிக அதிகம். ஆகவே படிகத்தின் மூன்று முதன்மைத் திசைகளிலும் காந்தப் பண்பை அளந்தால், உள்ளே மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் படுத்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம். அப்போது ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு படிக அமைப்பைக் கண்டறிவது மிகக் கடினம், கணிப்பொறி கிடையாது. காந்த அளவு ஊடுகதிர் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியாகவும் சரிபார்ப்பாகவும் இருந்தது. பென்சீன் வளையம் தட்டையானது என்று 1929-இல் ஊடுகதிரால் நிறுவிய கேத்லீன் லான்ஸ்டேல் இதன் பயனை உடனே உணர்ந்தார். அவரும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1936-இல் ராயல் சொசைட்டி ஏட்டில் வந்தது. 1945-இல் அந்தச் சொசைட்டி முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றபோது தேர்வான இருவரில் ஒருவர் அதே லான்ஸ்டேல்.

மயில்துத்தத்தின் கதை இதைவிடச் சுவையானது. நீலப் படிகம் சாய்ந்து கோணலாக இருக்கும். படிக வகைகளில் சமச்சீர் மிகக் குறைந்த வகை அது. கிருஷ்ணனும் அசுதோஷ் முகர்ஜியும் அதைத் தொங்கவிட்டு அளந்தபோது, காந்தப் பண்பில் மட்டும் அது ஏறத்தாழ ஓர் அச்சைச் சுற்றிச் சமமாக நடந்துகொண்டது. காரணம் உள்ளமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு தாமிர அயனியையும் நான்கு நீர் மூலக்கூறுகள் சதுரமாகச் சூழ்ந்திருக்கின்றன. படிகத்தின் சிற்றறையில் இப்படி இரண்டு சதுரங்கள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக. பீவர்ஸும் லிப்சனும் 1934-இல் ஊடுகதிர் முறையில் கண்ட அமைப்போடு இது பொருந்தியது. படிகத்தில் அயனியைச் சூழ்ந்த அணுக்களின் மின்புலம் அதன் காந்தப் பண்பை எப்படி வளைக்கிறது என்ற கோட்பாட்டை ஹான்ஸ் பெத்தேயும் வான் விளெக்கும் அப்போதுதான் வகுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோட்பாட்டை உரசிப் பார்க்க நம்பகமான எண்கள் வேண்டியிருந்தன. அவை கல்கத்தாவிலிருந்தும் போயின.

அடுத்தது பென்சில் கரியாகிய கிராஃபைட். கார்பன் அணுக்கள் தாள்தாளாக அடுக்கிய பொருள். தாளின் தளத்தில் அதன் டயா காந்தப் பண்பு மிகச் சிறியது. தாளுக்குக் குறுக்கே அளந்தால் ஏறத்தாழ 40 மடங்கு பெரியது. இவ்வளவு பெரிய வேறுபாடு தாளுக்குள் தங்குதடையின்றி ஓடும் எலெக்ட்ரான்களால் வருகிறது என்று கங்குலியும் கிருஷ்ணனும் 1941-இல் ராயல் சொசைட்டி ஏட்டில் எழுதினார்கள். முழுமையான கோட்பாட்டு விளக்கத்தை மெக்ளூர் 1956-இல்தான் தந்தார். அந்தத் தாளில் ஒன்றை மட்டும் உரித்தெடுத்து ஆராய்ந்த இருவருக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிராஃபீன் என்ற பெயர் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

கிருஷ்ணன் 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை கோலாலம்பூரைப் பிடித்தது. போர் பர்மா வழியாக வங்கத்தை நெருங்கியது. அந்த ஆண்டு அவர் அலகாபாத் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1947-இல் புது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1958-இல் முதல் பட்நாகர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1961 ஜூனில் காலமானார். பெரிய கட்டடமும் பெரும் பொறுப்பும் வந்த பிறகு இழையும் படிகமும் பின்னுக்குப் போயின. நாட்டுக்கு அப்போது அவர் அங்கேதான் தேவைப்பட்டார் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் 43 வயதில் அந்த அறையை விட்டுப் போனவர் இன்னும் பத்தாண்டு அங்கேயே இருந்திருந்தால் என்ற எண்ணம் அந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போது எழாமல் இருப்பதில்லை. கழகத்தின் காந்தவியல் பிரிவை அவருடைய மாணவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள். கழகமே பின்னர் ஜாதவ்பூருக்கு இடம் பெயர்ந்தது.

படிகம் வளர்க்கும் கலை தமிழ்நாட்டில் வேரூன்றியது சென்னைக் கிண்டியில். அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையத்தை வளர்த்தெடுத்தவர் பேராசிரியர் பி. ராமசாமி. பினாங்கின் முன்னாள் இரண்டாம் துணை முதல்வரும் பேராசிரியர் பி. ராமசாமிதான் என்பதால் நம் வாசகர்கள் குழம்ப வேண்டாம்; இவர் இயற்பியலாளர். இவரும் கே. சங்கரநாராயணனும் 2005-இல் வெளியிட்ட முறை இருவர் பெயராலும் வழங்குகிறது. கீழ்நுனி கூம்பிய கண்ணாடிக் குழாய், அடியில், நமக்கு வேண்டிய முகம் மேலே பார்க்கும்படி விதைப் படிகம், மேலே கரைசல். குழாயின் மேற்பகுதியில் மட்டும் இளஞ்சூடு கொடுத்து நீரை ஆவியாக்கினால், படிகம் அந்த ஒரே திசையில் குழாயை நிரப்பிக்கொண்டு மேலே வளர்கிறது. சாதாரண முறையில் படிகம் தன் விருப்பப்படி முகம் காட்டும். நாம் அளக்க விரும்பும் திசையில் வெட்டி எடுக்கும்போது பாதி வீணாகும். இங்கே திசையை வளர்ப்பவரே தீர்மானிக்கிறார். திசைக்குத் திசை மாறும் பண்பை ஆராய்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேண்டியதில்லை. கருவியும் ஒரு கல்லூரிக் கூடத்தில் செய்துகொள்ளக்கூடிய எளிய கருவிதான். கிருஷ்ணன் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் ஒற்றைப் படிகத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருங்கியது. சுங்கைவே, உலு கிள்ளான் தடையற்ற வர்த்தக வட்டாரங்களில் 1970-கள் முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் நடக்கின்றன. தோட்டப்புறங்களிலிருந்து வந்த நம் பெண்கள் பலர் அங்கே உருப்பெருக்கியில் கண் பதித்து வேலை செய்தார்கள். அவர்கள் கையாண்ட ஒவ்வொரு சில்லும், உருகிய சிலிக்கனிலிருந்து மெல்ல இழுத்தெடுத்த ஒரே படிகத்தின் சீவல். கிழக்குக் கரையில் குவாந்தானை அடுத்த கெபெங் ஆலையில் ஆஸ்திரேலியத் தாதுவிலிருந்து நியோடிமியம் பிரிக்கப்படுகிறது. மின்சாரக் காரின் மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்துக்கு அது மூலப்பொருள். அந்தக் காந்தத்தைச் செய்யும்போது உலோகக் கலவையை, ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ ஓர் ஒற்றைப் படிகமாக இருக்கும் அளவுக்கு நுண்ணிய தூளாக்குகிறார்கள். பிறகு காந்தப் புலத்தில் வைத்து அழுத்துகிறார்கள். துகள்கள் எல்லாம் தம் உகந்த அச்சைப் புலத்தின் பக்கம் திருப்பிக்கொள்கின்றன. இரும்பு வகைக் காந்தத்தின் இயல்பு மயில்துத்தத்தின் இயல்பிலிருந்து வேறுதான். ஆனாலும் படிகம் புலத்தில் தன் அச்சைத் தேடித் திரும்புகிறது என்ற அடிப்படை, டாக்காவில் இழையில் தொங்கியபோது எப்படியோ இங்கேயும் அப்படியே.

நம் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகளில் மயில்துத்தப் படிகமும் படிகாரப் படிகமும் வளர்த்து வைப்பது பழகிப்போன ஒன்று. எல்லாரும் பெரிய படிகத்தைப் பாராட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறோம். ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள், இன்னும் ஒரு படி போகலாம் என்பது. நியோடிமியம் காந்தங்கள் இன்று மலிவாகவே கிடைக்கின்றன. பெரிதாக வளர்ந்த மயில்துத்தப் படிகத்தை நீண்ட மெல்லிய நூலில் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, காற்றுப் படாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வலுவான காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் படிகம் காந்தத்தின் பக்கம் மெல்ல நகர்வதைக் காணலாம். தாமிர அயனி பாரா காந்தத் தன்மை கொண்டது. படிகாரம் அப்படி நகராது. அது டயா காந்தப் பொருள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

படிகம் வளர்ப்பதில் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற கவனமும் வேண்டும். ஈரப்பதம் மிகுந்த ஊர் என்பதால் கரைசல் ஆவியாக நாளாகும், அது நல்லதே. பகலில் குளிர்சாதனம் ஓடி மாலையில் நிறுத்தப்படும் அறையில் வைத்தால் மட்டும் வெப்பநிலை ஏறி இறங்கிப் படிகம் கெட்டுவிடும். வகுப்பறையைவிடப் பண்டக அறை மேல். மயில்துத்தம் நச்சுப் பொருள். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது.

பணம் சற்றுக் கூடுதலாக இருந்தால் பைரோலிட்டிக் கிராஃபைட் என்ற மெல்லிய தகடு ஒன்று வாங்கலாம். கார்பன் தாள்கள் ஒரே போக்கில் அடுக்கிய தகடு அது. நான்கு நியோடிமியம் காந்தங்களை வட முனையும் தென் முனையும் மாறிமாறி வருமாறு சதுரமாக ஒட்டி வைத்து, அதன்மேல் தகட்டை விட்டால் எதையும் தொடாமல் அந்தரத்தில் மிதக்கும். தாளுக்குக் குறுக்கே இருக்கும் அந்த வலுவான டயா காந்தப் பண்புதான் அதைத் தூக்கி நிறுத்துகிறது. பக்கத்தில் வைக்கும் அட்டையில் மாணவர் பெயர், பள்ளிப் பெயரோடு கங்குலி, கிருஷ்ணன், கல்கத்தா, 1941 என்றும் எழுதி வைக்கலாம்.